காட்ஃபேலின்ர கடைசிக் கதையை தமிழில கொண்டு வாங்கோ

தமிழில புத்தகம் போடுற பதிப்பாளருக்கும் மொழிபெயர்க்கிற ஆக்களுக்கும் யாழ்ப்பாணத்தில இருந்து வணக்கம்.

எல்லிஸ் பீற்றர்ஸ் எழுதின காட்ஃபேல் துப்பறியும் கதைகள் 1977ல தொடங்கி 1994ல முடிஞ்சது, மொத்தம் 20 நாவல். அவ்வளவையும் போடச் சொல்லி கேக்கேல்ல, உரிமைக்கு குடுக்கிற காசு, பேப்பர் விற்கிற விலை எல்லாம் தெரியும், ரெண்டே ரெண்டைத்தான் கேக்கிறன். ஆறாவதும் கடைசியும்.

தெரியாத ஆக்களுக்கு சுருக்கமா சொல்லுறன். 12ம் நூற்றாண்டு இங்கிலாந்து, ஸ்டீபன் ராசாவும் அவற்ற மச்சாள் மோட்டும் முடிக்கு அடிபட்டு நாடு ரெண்டா கிடக்கு. காட்ஃபேல் சிலுவைப் போருக்கு போய் வந்து பிறகு ஷ்ரூஸ்பரி மடத்தில துறவியான மனிசன், மூலிகைத் தோட்டம் பாக்கிறவர், கொலை எண்டு வந்தா துப்புத் துலக்கிறதும் அவர்தான். ஆறாவது கதையில ஒலிவியே எண்ட பெடியனோட கதைச்சுக்கொண்டு இருக்கேக்க, தாய் அந்தியோகியாவில இருந்த மரியம் எண்டு அவன் சொல்ல, இவன் தன்ர மகன் எண்டு அவருக்கு விளங்குது. அவனிட்ட சொல்லேல்ல.

கடைசிக் கதை 1145ல நடக்குது. ஃபாரிங்டன் கோட்டையை காட்டிக்குடுத்து உள்ள இருந்த ஆக்களை பிடிச்சுக்கொண்டு போகினம், காசு கட்டி மீட்கலாம் எண்டு மற்றவையின்ர பேர் எல்லாம் வெளிய வருது, ஒலிவியேன்ர பேர் மட்டும் ஒண்டிலயும் இல்லை, எங்க வச்சிருக்கு எண்டு ஒருத்தரும் வாய் திறக்கினம் இல்லை. இந்த இடத்தை வாசிக்கேக்க எனக்கு புத்தகத்தை மூடி வைக்க வேண்டி வந்தது. 2017ல இருந்து கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் றோட்டுக்கரையில காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின்ர படத்தை மடியில வச்சுக்கொண்டு இருந்த அம்மாமார் கேட்டதும் இதைத்தானே, எங்க வச்சிருக்கிறியள் எண்டு.

மடத்துத் தலைவர் காட்ஃபேலை கொவென்ட்ரியில நடக்கிற சமாதானப் பேச்சுக்கு மட்டும்தான் போய் வர விடுறார். அங்க பதில் கிடைக்கேல்ல. அதுக்கு மேல போனா மடத்தை விட்டுப் போனதாத்தான் கணக்கு, அது தெரிஞ்சுகொண்டுதான் கிழவன் போகுது, மகனை அடைச்சு வச்சிருக்கிற பிலிப்புக்கு முன்னால போய் நிண்டு அவனை விட்டுட்டு என்னை வச்சுக்கொள்ளு எண்டு கேக்குது. பிறகு என்ன நடந்தது எண்டதை நான் சொல்ல மாட்டன். இதுக்குள்ள ஒரு கொலையும் இருக்கு, ஆனா அது பின்னுக்கு போயிடுது, துப்பறியும் கதை வாசிக்கிற சில பேருக்கு அது பிடிக்காமல் போகலாம், என்னைக் கேட்டா அப்பிடி எழுதினதுதான் சரி, ஒரு தேப்பன் மகனைத் தேடிப் போகேக்க மற்றது எல்லாம் பின்னுக்குத்தானே போகும்.

இந்தப் புத்தகம் வந்த அடுத்த வருசம், 1995ல, எழுதின அம்மா செத்துப்போனா. ஸ்டீபனும் மோட்டும் பிடிச்ச சண்டை உண்மையில முடிஞ்சது 1153லதான், கதைக்குள்ள அது முடியவே இல்லை. டிவியில வந்த தொடரிலயும் இந்தக் கடைசிக் கதையை எடுக்கேல்ல, அதால படம் பாத்த ஆக்களுக்கும் இது புதுசாத்தான் இருக்கும்.

ஆராவது செய்ய முன்வந்தா ஒரு விசயம், தயவுசெய்து ஆறாவதை முதல் போடுங்கோ, கடைசியை ரெண்டாவதா போடுங்கோ. மூலிகைப் பேருகளில சந்தேகம் வந்தா கைதடியில சித்த மருத்துவம் படிப்பிக்கிற ஆக்கள் இருக்கினம், அவையிட்ட கேளுங்கோ. பிழை பாக்க, தட்டச்சு செய்ய ஆள் வேணும் எண்டா நான் சம்பளம் இல்லாமல் வாறன்.