2.20 என்று எழுதிய அக்காவுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

மருத்துவமனையிலிருந்து அப்பா வீட்டுக்கு வந்து இன்றோடு ஆறு நாள். என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்கும் தெம்பில்லை. நேற்று மாலை தலையணையில் சாய்ந்தபடி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நாக்கு குழறியது, ஆனாலும் என் பெயர்தான். அந்தக் குரல் காதில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நள்ளிரவில் ரத்தம் கொடுக்க ஓடிவந்த நால்வருக்கும், கேட்காமலே கைகொடுத்த உறவினர்களுக்கும், என் வகுப்புகளைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்ட சக ஆசிரியர்களுக்கும், சாவியை வாங்கிக்கொண்டு "நீ போ, வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற பக்கத்து வீட்டாருக்கும், மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நான் பட்ட கடன் பெரியது. ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

இன்று அதிகம் எழுதப்போவது இரவுப் பணியில் இருந்த ஓர் உதவியாளரைப் பற்றி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அக்கா என்றுதான் நாங்கள் கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நினைவின்றிப் படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது அதற்கு முன் எனக்குத் தெரியாது. நாம் தூக்கத்தில் தானாகப் புரண்டுகொள்கிறோம். அவர்களால் அது முடியாது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்கி, அந்த இடத்துக்கு ரத்தம் போகாமல் புண்ணாகிவிடும். வால் எலும்பு, இடுப்பு, குதிகால், பின்மண்டை, காது மடல் என்று அந்த இடங்களை அக்காதான் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுக்க வேண்டும், வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம் என்றார்.

நான்காம் நாள் இரவு. அப்பா அசையாமல் கிடந்தார். எனக்கும் கண் சொருகியது. அக்கா உள்ளே வந்தபோது, "நன்றாகத் தூங்குகிறார், இந்த ஒரு முறை விட்டுவிடலாமே அக்கா" என்றேன்.

"அவர் தூங்கட்டும் தம்பி, தூக்கம் கலையாமல் திருப்பலாம்" என்றார்.

பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துக்கொண்டார். அறை குளிராக இருந்தது. சூடேறிய கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அதன் பிறகே அப்பாவின் தோளைத் தொட்டார். "அய்யா, இடது பக்கம் திருப்பப்போகிறேன்" என்று அவர் காதருகில் சொன்னார். பதில் வராது என்பது அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டு, ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்தார். விரிப்பின் மறுமுனையை என்னைப் பிடிக்கச் சொன்னார். "இழுக்கக் கூடாது, தூக்க வேண்டும். இழுத்தால் தோல் உராயும்." முதுகுக்குத் தலையணை கொடுத்து, முழுதாக ஒருக்களிக்காமல் 30 பாகை அளவுக்கே சாய்த்தார். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை வைத்துக் குதிகாலை மெத்தையில் படாமல் தூக்கி நிறுத்தினார். விரிப்பில் விழுந்த சுருக்கங்களைக் கையால் நீவிவிட்டார். எல்லாம் முடிந்து, கட்டிலில் தொங்கிய அட்டவணையில் நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

எழுந்து அதைப் பார்த்தேன். 2.20 என்று இருந்தது. பக்கத்து அறையில் ஒருவருக்கு மூச்சுத் திணறியதால் வரத் தாமதமாகியிருந்தது. 2.00 என்று எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மற்ற பக்கங்களையும் புரட்டினேன். அக்காவின் கையெழுத்து இருந்த வரிகளில் 12.10, 4.05, 5.50 என்று நடந்த நேரமே இருந்தது.

அந்தத் தாளோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்து அன்றுதான் என் வேலையை நினைத்து வெட்கப்பட்டேன். 11 ஆண்டுகளாகக் கட்டுரை நோட்டுத் திருத்துகிறேன். கடைசிக் கட்டு வரும்போது முதல் பத்தியையும் கடைசி வரியையும் பார்த்துவிட்டு 'நன்று' என்று எழுதிய நோட்டுகள் எத்தனையோ. எந்தப் பிள்ளையும் வந்து கேட்டதில்லை. கேட்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் எழுதினேன்.

படுக்கைப் புண் வந்தால் பெரும்பாலும் குறை நோயில் இல்லை, பராமரிப்பில்தான் என்ற பொருளில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இலேயே எழுதியிருக்கிறார். சில உடல்நிலைகளில் என்ன செய்தாலும் புண் வரக்கூடும் என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. ஆகவே யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அப்பா 23 நாள் கிடந்தார். ஒரு நாளைக்கு 12 முறை என்றால் 276 முறை. அதில் எத்தனையோ இரவுகள் அக்காவுடையவை. வீட்டுக்கு அனுப்பும் நாளன்று மருத்துவர் முதுகைப் பார்த்துவிட்டு, "தோல் சுத்தமாக இருக்கிறது" என்று ஒரு வரி எழுதினார். வராமல் போன புண்ணுக்கு மருத்துவமனைக் காகிதத்தில் அதற்கு மேல் இடமில்லை. அதற்கு இடம் கொடுக்கத்தான் இந்த மடல்.

அக்கா, கிளம்பும்போது உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ உளறினேன். சொல்ல நினைத்தது இதுதான். இனி நான் படிக்காத பக்கத்தில் என் கையெழுத்து விழாது. ஒரே இரவில் எல்லா நோட்டையும் முடிக்க முடியாவிட்டால், முடியவில்லை, மறுநாள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். திங்கள்கிழமை முதல் வகுப்புக்குத் திரும்புகிறேன்.

அப்பா இன்னும் தானாகப் புரள்வதில்லை. நீங்கள் கொடுத்த அட்டவணையைப் பார்த்து நானே கோடு போட்டுக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன். நேற்று இரவு அலாரம் அடித்தும் அசந்துவிட்டேன். பதறி எழுந்து, கையைத் தேய்த்துக்கொண்டு, அப்பாவிடம் சொல்லிவிட்டு, வலது பக்கம் திருப்பினேன். குதிகாலைத் தூக்கி வைத்தேன். பிறகு 2.35 என்று எழுதினேன்.