கூரை பிரித்தாயிற்று, மழைக்கு முன் மூட வேண்டும்: நலத்துணை அறைக்காகச் சபையாருக்கு ஒரு வேண்டுகோள்

கர்த்தருக்குள் அன்பான சபையார் அனைவருக்கும் சேகரக் கமிட்டியின் ஸ்தோத்திரங்கள்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். ஆலயத்தின் தென்புறம் இருக்கிற பழைய ஓய்வுநாள் பள்ளி அறையின் கூரையைப் போன வாரம் பிரித்துவிட்டோம். கட்டைகள் உளுத்து, சுண்ணாம்புத் தளம் உதிர்ந்து, கீழே உட்கார்ந்து பிரஷர் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் தோள்மேலேயே ஒரு துண்டு விழுந்தது. அதற்கு மேலும் தள்ளிப்போட முடியவில்லை. இப்போது நான்கு சுவரும் வானமுமாக நிற்கிறது. காங்கிரீட் போட மேஸ்திரி மீதிப் பணம் கேட்கிறார். அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டால் சுவரும் ஊறிப்போகும். அக்டோபர் 10ஆம் தேதிக்குள் ரூ.1,88,500 சேர வேண்டும்.

அந்த அறையில்தான் மூன்று வருடமாக, மாதத்தில் இரண்டு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் நம் நலத்துணை ஊழியம் நடக்கிறது. பிரஷர், சுகர், எடை பார்க்கிறோம், மாத்திரைச் சீட்டைப் படித்துச் சொல்கிறோம். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெயர் கொடுக்காமல் இருந்த முதியோரைப் பதிந்துவிட்டு, வீட்டுக்கே மாத்திரை வர வழி செய்திருக்கிறோம். காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கு விண்ணப்பமும் எழுதித் தருகிறோம்.

“சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கிற வேலூரில் சபைக்கு எதற்கு இந்த வேலை?” என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே வைத்தியம் பார்க்க வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் இரண்டு மூன்று நாள் ரயிலில் உட்கார்ந்து காட்பாடி ஸ்டேஷனில் வந்து இறங்குகிறார்கள். நம் சபைப் பாட்டி ஒருவர் நான்கு கிலோமீட்டர் போகவில்லை. கூட வர ஆளில்லை. விடியற்காலை வரிசையில் நிற்கத் தெம்பில்லை. எந்தக் கவுண்டர், எந்த மாடி என்று கேட்கக் கூச்சம். அவருக்கு ஆஸ்பத்திரி அல்ல, ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு கை வேண்டியிருந்தது.

நாம் யாருடைய பிள்ளைகள் என்பதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இளையவர்களுக்காகச் சொல்கிறோம். ஸ்கடர் குடும்பத்தின் முதல் மருத்துவர் ஜான் ஸ்கடர் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்தது 1819இல். அவர் பிள்ளைகள் ஆற்காட்டு மிஷனைத் தொடங்கினார்கள். 1866இல் இராணிப்பேட்டையில் ஆஸ்பத்திரி வந்தது. அதே இராணிப்பேட்டையில் 1870 டிசம்பர் 9 அன்று பிறந்தவர்தான் அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர் அம்மையார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் துணையின்றி இறந்ததைக் கண்ட பிறகே அவர் டாக்டருக்குப் படிக்கப் போனார். பின்னாளில் சி.எம்.சி.யாக வளர்ந்த வேலையை 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். நியூயார்க்கில் ஷெல் என்ற வங்கியாளர் மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார், 1902இல் 40 கட்டில் ஆஸ்பத்திரி எழும்பியது. முகம் பார்த்திராத ஊருக்கு ஒருவர் கொடுத்த காசு அது. அதோடு அம்மையார் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடிக் குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி மருந்து கொடுத்தார். நம் சபையின் மூத்த தாய்மார் சிலர், தங்கள் பாட்டிமார் அந்த மரத்தடியில் காத்திருந்த கதையை இன்றும் சொல்கிறார்கள். நாம் செய்வதும் அந்த மரத்தடி வேலைதான்.

ஏன் இது அவசியம் என்பதற்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் சபை அண்ணன் ஒருவர், தோல் தொழிற்சாலையில் முப்பது வருடம் உழைத்தவர். செருப்பில் ஆணி ஏறியிருந்ததை மூன்று நாள் உணரவே இல்லை. சுகர் முற்றி நரம்பில் உணர்ச்சி போயிருந்தது. புண் உள்ளே போய் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. வலி தெரியாத காலுக்கு என்ன ஆகும் என்பதை உலகத்துக்குச் சொன்னதே நம் வேலூரில் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் பால் பிராண்ட்தான். பக்கத்துக் கரிகிரியில் 1955 முதல் அந்த ஊழியம் நடக்கிறது. அப்படியிருக்க, நம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் காலை நாம் பார்க்காமல் விட்டோமே என்று கமிட்டிக்கு இன்னும் மனது ஆறவில்லை. இப்போது சுகர் உள்ள ஒவ்வொருவர் பாதத்தையும், விரலிடுக்கு உட்பட, நர்ஸ் சிஸ்டர் குனிந்து பார்க்கிறார். வெறுங்காலோடு நடக்காதீர்கள், காலைச் சுடுதண்ணீரில் வைக்காதீர்கள், உள்ளே மெத்தென்று இருக்கும் எம்.சி.ஆர். செருப்பு போடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறார்.

இன்னொன்று, சபைக்குள் மட்டுமே பேசக்கூடியது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வரும் தாய்மார் சிலர் காலையில் இன்சுலினும் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலும் இருக்கிறார்கள். போன லெந்து (தவக்கால) நாட்களில் ஒருவர் ஜெபத்தின் நடுவே வியர்த்து, நடுங்கி, மயங்கிவிட்டார். சுகர் 70க்குக் கீழே போனாலே ஆபத்து, இன்னும் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. இனிப்புத் தண்ணீர் கொடுத்து எழுப்பினோம். உபவாசத்தைக் கமிட்டி தடுக்கவில்லை. டாக்டரிடம் கேட்காமல் இருக்காதீர்கள் என்றுதான் சொல்கிறோம். “ஜெபித்துவிட்டேன், மாத்திரையை நிறுத்திவிட்டேன்” என்பவர்களுக்கும் இதே வார்த்தைதான். ஜெபமும் செய்யுங்கள், மாத்திரையும் போடுங்கள். அப்புறம், கேழ்வரகுக் களிதானே என்று மூன்று உருண்டை சாப்பிட்டால் அதுவும் சுகரை ஏற்றும்.

சரி, கணக்கு. அறைக்கு மொத்தம் ரூ.2,70,000. அதில் கூரைக்கு 1,15,000, சாய்தளமும் கைப்பிடியும் 38,000, முதியோர் உட்காரத்தக்க கழிப்பறை 72,000, கட்டில், பீரோ, சக்கர நாற்காலி 45,000. ஒரு வருட ஊழியத்துக்கு ரூ.2,10,000: நர்ஸ் சிஸ்டருக்கு மாதம் 8,000 வீதம் 96,000, சுகர் ஸ்ட்ரிப் முதலிய சாமான்களுக்கு 30,000, ஆட்டோவுக்கு 24,000, அவசர மருந்து உதவிக்கு 60,000. ஆக ரூ.4,80,000. இதுவரை வந்தது ரூ.2,91,500.

கொடுத்தவர்களை வாழ்த்தாமல் மேலே போக மனமில்லை. முதல் காசு பெண்கள் ஐக்கிய சங்கத்துடையது. சமைக்கும்போதெல்லாம் ஒதுக்கிய பிடி அரிசியை ஏலம்விட்டு ரூ.11,200 கொண்டுவந்தார்கள். ரயில்வே பென்ஷன் வாங்கும் ஐயா ஒருவர் ஒரு மாதப் பென்ஷனை அப்படியே கொடுத்து, பெயர் போடக்கூடாது என்றார். துபாயிலும் குவைத்திலும் இருக்கும் நம் தம்பிமார் அனுப்பினார்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் பால் டப்பாவில் சேர்த்த சில்லறையை எண்ணவே ஒரு மணி நேரம் ஆனது. பீடி சுற்றும் அக்கா ஒருவர் வாரக் கூலியிலிருந்து ஐம்பது ஐம்பதாகப் பத்து வாரம் கொடுத்தார். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் பாய் நம் சபையார் அல்ல, ஆனாலும் வாங்கின விலைக்கே ஸ்ட்ரிப் தருகிறார். கூலி வாங்காமல் முதல் இரண்டு வருடம் உழைத்த ஓய்வுபெற்ற சிஸ்டருக்கு நாம் பட்ட கடன் தீராது. இவர்கள் கைகளைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

வருத்தத்தோடு மற்றதையும் சொல்கிறோம். சபையில் 212 குடும்பங்கள். கொடுத்தவை 83. போன கிறிஸ்துமஸ் பந்தலுக்கும் சீரியல் விளக்குக்கும் ஒரே வாரத்தில் ரூ.1,40,000 சேர்ந்தது. அந்த விளக்குகள் பத்து நாள் எரிந்தன. அதில் கொடுத்த கை இதில் ஏன் நீளவில்லை? மீதி 129 குடும்பங்களும் ஆளுக்கு ரூ.1,500 கொடுத்தால் போதும், பாக்கி தீர்ந்துவிடும். நல்ல சமாரியன் காயம் கட்டியதோடு போய்விடவில்லை, சத்திரக்காரன் கையில் பணமும் கொடுத்துவிட்டுத்தான் போனான். அந்தப் பகுதியை வருடாவருடம் பிரசங்கத்தில் கேட்கிறோம்.

மொத்தமாக முடியாதவர்கள் மூன்று தவணையாகக் கொடுக்கலாம். நம்மில் கூலி இல்லாமல் இருக்கிற வீடுகளைக் கமிட்டிக்குத் தெரியும். அவர்கள் சங்கடப்பட வேண்டாம். மாதம் ஒரு நாள் ஒரு முதியவரோடு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அதுவே பெரிய காணிக்கை. வாலிபர் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.

வரும் ஞாயிறு வாசலில் மஞ்சள் கவர் தருவோம். குடும்ப எண்ணை மறக்காமல் எழுதி, பொருளாளரிடம் மட்டும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வேறு யாரிடமும் பணமாகக் கொடுக்க வேண்டாம். வரவு செலவு ஞாயிறுதோறும் பலகையில் ஒட்டப்படும். கூரை மூடும் வரைக்கும் பிரஷர், சுகர் பார்ப்பது ஆயர் வீட்டுத் திண்ணையில் நடக்கும். சுகர் பார்க்க வருகிறவர்கள் பழைய சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுவாருங்கள்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
ஆயர், செயலாளர், பொருளாளர் மற்றும் சேகரக் கமிட்டியார்