திவானும் லிபியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் 'திவான்' என்ற பாரசீகச் சொல்லைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சமஸ்தானம் போய் முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டாலும் எங்கள் புதுக்கோட்டையில் இது இன்னும் வீட்டுச் சொல்தான். அதனால் ஆசையோடு படித்தேன். கட்டுரை நன்றாகவே இருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கட்டுரையாளர் வழுக்கிவிட்டார். பைத்தியம் என்று பொருள்படும் 'தீவானா'வும் திவானும் ஒரே வேரில் பிறந்தவை என்று எழுதியிருக்கிறார். அது சரியில்லை.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. 600 ஆண்டுகளுக்கு முன்னால் இப்னு கல்தூன் என்ற பெரிய வரலாற்றாசிரியரே இதை எழுதி வைத்திருக்கிறார். பாரசீக மன்னர் குஸ்ரு ஒருநாள் கணக்கர்கள் இருக்கும் இடத்துக்குப் போனாராம். அவர்கள் தங்களுக்குள் முணுமுணுத்தபடி மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 'இவர்களுக்கென்ன பைத்தியமா' என்று மன்னர் கேட்டாராம். அந்தச் சொல்லே 'திவான்' என்று அந்த அலுவலகத்துக்கும் பெயராகிவிட்டது என்பது கதை. கணக்கர்கள் பேய்போல வேகமாக வேலை செய்வதால் வந்த பெயர் என்று இன்னொரு கதையும் அதே நூலில் இருக்கிறது. மார்ச் மாதக் கடைசியில் ஏதாவது ஒரு தாலுகா ஆபீசுக்குள் போய்ப் பார்த்தவர்கள் இந்த இரண்டு கதைகளையும் உடனே நம்பிவிடுவார்கள்!

ஏமாறுவதற்குக் காரணம் எழுத்து. பாரசீகத்தில் 'தீவான்' என்று எழுதிக் கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் பைத்தியம் ஆகிவிடும். 'தீவ்' என்றால் பேய். அதன் பன்மையும் 'தீவான்'தான். ஆனால் இந்தப் பேயின் குடும்பம் வேறு. சமஸ்கிருதத்தில் 'தேவ' என்று கும்பிடப்படும் சொல்தான் ஈரானியர்களின் பழைய மறைமொழியான அவெஸ்தாவில் 'தைவ' என்று வருகிறது. அங்கே அது தள்ளி வைக்கப்பட்ட தெய்வம்; பிற்பாடு அப்பட்டமான பிசாசு. அக்கம்பக்கத்து மொழிகள் இரண்டில் ஒன்று கும்பிட்டதை இன்னொன்று விரட்டியிருக்கிறது. பேய் பிடித்தவன் 'தீவானே'. இந்தியில் காதல் பித்துப் பிடித்தவன் 'தீவானா'. இந்தக் கிளை இத்தோடு சரி.

திவானின் கிளை மண்ணில் தொடங்குகிறது. இன்றைய ஈராக்கில் பண்டைக் காலத்தில் வழங்கிய சுமேரிய மொழியில் 'துப்' என்றால் களிமண் பலகை. ஈர மண்ணில் ஆணிபோன்ற குறிகளை அழுத்தி எழுதிக் காயவைத்த பலகை. அது அதே மண்ணின் அக்காடிய மொழிக்குப் போய் 'துப்பு' ஆனது, பக்கத்து ஏலம் நாட்டு மொழியில் 'துப்பி' ஆனது, பழைய பாரசீகத்தில் 'திபி' ஆனது. (தமிழில் துப்பறிகிறோமே, அந்தத் துப்புக்கும் இதற்கும் உறவில்லை. யாராவது கடிதம் எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.) ஈரானில் இருக்கும் பெகிஸ்தூன் மலைப்பாறையில் பாரசீக மன்னன் தாரியஸ் தன் போர் வெற்றிகளை மூன்று மொழிகளில் வெட்டிவைத்த கல்வெட்டில் இந்தத் 'திபி' வருகிறது. பின்னால் வருகிறவர்கள் என் எழுத்தை அழித்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளும் இடம் அது.

எழுத்து இருக்கும் வீடு என்ற பொருளில் 'திபி'யிலிருந்து பிறந்ததுதான் 'திவான்' என்பது அறிஞர்கள் கருத்து. எழுதுகிறவர் 'திபீர்', இன்றைய பாரசீகத்தில் 'தபீர்'. ஈரானில் இப்போதும் உயர்நிலைப் பள்ளிக்குத் 'தபீரெஸ்தான்' என்று பெயர். தாரியஸ் காலத்து அலுவலகம் எப்படி இருந்திருக்கும் என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. 1933இல் பழைய பாரசீகத் தலைநகரான பெர்செபோலிஸின் கோட்டைச் சுவரில் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைத்தன. பெரும்பாலும் ஏலம் நாட்டு மொழியில் எழுதியவை. எந்த வேலையாளுக்கு எவ்வளவு தானியம், யாருக்கு எத்தனை படி மது என்ற கணக்குதான் எல்லாமே. போர் வெற்றியெல்லாம் மலையில், படிக்கணக்கு கோட்டையில்.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்றைச் சொல்லத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். அசோகரின் கல்வெட்டுகளில் பெரும்பாலான இடங்களில் எழுத்துக்கு 'லிபி' என்று இருக்கும். வடமேற்கில், இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் ஷாபாஸ்கரி, மான்சேரா பாறைகளில் மட்டும் பாரசீக வாடை மாறாமல் 'திபி' என்றே வெட்டியிருக்கிறார்கள். அந்தத் 'திபி'தான் உள்ளே வர வர 'லிபி' ஆனது என்று அறிஞர்களில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். நாம் பிராமி லிபி என்கிறோம், லிபி தெரியவில்லை என்கிறோம். திவானுக்கு அது ஒன்றுவிட்ட அண்ணன். ஒரே சுமேரிய மண்ணின் பிள்ளைகள், இரண்டு வழிகளில், வெவ்வேறு நூற்றாண்டுகளில் தமிழுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அரபுக்குப் போன திவானைப் பற்றிக் கட்டுரையாளர் விரிவாகவே சொல்லிவிட்டார். 7ஆம் நூற்றாண்டில் கலீபா உமர் படைவீரர்களுக்கு உதவித்தொகை கொடுக்க வைத்த பதிவேடு, பிறகு அந்தப் பதிவேடு இருந்த அலுவலகம், பிறகு ஒரு கவிஞரின் பாடல்களை எல்லாம் சேர்த்து வைத்த தொகுப்பு. ஈரானியர்கள் ஆண்டின் மிக நீண்ட இரவான யல்தா இரவில் தங்கள் கவிஞர் ஹாஃபிஸின் திவானைக் கண்ணை மூடித் திறந்து குறி பார்ப்பது இந்த மூன்றாவது பொருளில்தான். ஐரோப்பாவுக்குப் போன கதை எனக்கு இன்னும் பிடிக்கும். துறைமுகத்தில் வரி வாங்கும் அலுவலகமும் திவான்தானே! அதுவே இத்தாலியில் 'தொகானா', ஸ்பெயினில் 'அதுவானா', பிரான்சில் 'துவான்'. பாரிஸ் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லும் இடத்தின் பெயர்ப்பலகையில் இருப்பது நம் திவான்தான். துருக்கியில் அமைச்சர்கள் கூடும் அவைக்குத் திவான் என்று பெயர். அங்கே சுவரோரம் போட்டிருந்த மெத்தை இருக்கையும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. நம் ஊர் ஜவுளிக்கடையில் 'திவான் செட்' என்று விற்பது அதன் கடைசி வாரிசு.

இந்தியாவில் திவான் என்றால் முதலில் வரிவசூல்தான். 1765இல் முகலாய மன்னர் இரண்டாம் ஷா ஆலம் வங்காளத்தின் 'திவானி'யைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். வரி வாங்கும் உரிமை வியாபாரி கைக்குப் போனதும் நாடும் பின்னாலேயே போனது. சமஸ்தானங்களில் திவான் என்பவர் முதலமைச்சர் மாதிரி. திருவாங்கூரில் திவானாக இருந்த சேஷையா சாஸ்திரி 1878இல் எங்கள் ஊருக்கு வந்தார். இன்றைய நகரமும் சீரமைத்த குளங்களும் அவர் பெயரைச் சொல்லும். என் தாத்தா யாராவது வேலை செய்யாமல் சாய்ந்திருந்தால் "பெரிய திவான் பகதூர்!" என்பார். சாய்ந்திருந்ததும் ஒரு திவான்மேல்தான் என்பது அவருக்குத் தெரியாது.

மலாயில் இதே சொல் 'டேவான்' ஆகி மன்றத்தையும் மண்டபத்தையும் குறிக்கிறது. மலேசிய நாடாளுமன்றத்தின் மக்களவை 'டேவான் ராக்யாட்'. கிள்ளானில் இருக்கும் என் அத்தை மகள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் இடம் என்ற வரிக்கு நேரே டேவான் என்று போட்டிருந்தது. அதைப் படித்த அம்மா, "அங்கே இன்னும் திவான் இருக்கிறாரா?" என்று கேட்டார்.

அடுத்த இதழில் 'தர்பார்' வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். கூடவே 'லிபி'க்கும் ஒரு பத்தி ஒதுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுக்கோட்டை