கோரையை அறுங்கள், தோண்டாதீர்கள்

ஐயா,

தாமிரபரணிக் கால்வாய்களைத் தூர்வாரும்போது அமலைச் செடி (ஆகாயத்தாமரை), சம்பு, கோரை எல்லாமே 'புதர்' என்ற ஒரே கணக்கில் பொக்லைனின் வாய்க்குள் போகின்றன. அமலை போகட்டும், அது போவதே நல்லது. பத்தமடைப் பாய்க்கு மூலப்பொருளான கோரை மண்ணோடு பெயர்ந்து போவதுதான் வயிற்றெரிச்சல்.

அடையாளம் காண்பது எளிது. சம்புக்குத் தட்டையான நீண்ட இலை, உச்சியில் பழுப்புக் கதிர். நாணலுக்குக் கணு உண்டு. பாய்க்கோரையின் தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். அடியிலிருந்து பூங்கொத்து வரை கணுவே இருக்காது. அதனால்தான் ஒரு தண்டை நீளவாக்கில் கிழித்தால் முறியாத ஒரே இழையாக வருகிறது. வயலில் களையாக முளைத்து உழவரைப் படுத்தும் கோரைக்கிழங்குச் செடி வேறு இனம். இரண்டையும் குழப்பிக்கொண்டு களைக்கொல்லி அடிப்பவர்களும் உண்டு.

கோரை ஆழத்தில் நிற்பதில்லை. வண்டல் படிந்த ஓரத்தில், கணுக்கால் முதல் முழங்கால் வரையிலான மெதுவாக ஓடும் நீரில்தான் அடர்ந்து வளரும். மணல் அள்ளி ஆற்றின் தரை தாழ்ந்துவிட்டால் அந்த ஆழமற்ற ஓரமே இல்லாமல் போகிறது. கரை செங்குத்தாக நிற்கும், கோரைக்குக் கால் வைக்க இடம் இருக்காது. சீமை உடை (சீமைக் கருவேலம்) படர்ந்த கரையில் நிழலால் மெலியும். சாக்கடை கலக்கும் இடத்தில் சம்பு முந்திக்கொள்ளும்.

இதன் உயிர் சேற்றுக்குள் கிடையாக ஓடும் மட்டநிலத் தண்டில் இருக்கிறது. சேற்றில் காற்று இல்லை. தண்டின் உள்ளே இருக்கும் வெண்மையான சோறு பஞ்சுபோல் காற்றறைகள் நிறைந்தது, அதன் வழியாகத்தான் வேருக்கு மூச்சு. ஆகவே நீர்மட்டத்துக்கு மேலே நாலு விரற்கடை விட்டு அரிவாளால் அறுத்தால் மீண்டும் தழைக்கும். நீருக்கடியில் அறுத்தால் வெட்டுவாய் வழியே தண்ணீர் புகுந்து வேர் அழுகும். சம்பை ஒழிக்க இதே முறை பயன்படுகிறது. கோரைக்கு அதைச் செய்துவிடக் கூடாது.

அறுவடைக்கு ஏற்ற காலம் இரண்டு: செப்டம்பர்-அக்டோபர், பிப்ரவரி-மார்ச். பச்சையாக அறுத்து, அன்றே கிழித்து, சோற்றைச் சீவி, வெயிலில் காயவைத்து, பிறகு ஓடும் ஆற்றுநீரில் சில நாட்கள் ஊறவைக்க வேண்டும். தேங்கிய நீரில் ஊறினால் இழை கறுத்துவிடும், சாயமும் சீராக ஏறாது. கோரை வளர மட்டுமல்ல, பாயாவதற்கும் ஆறு ஓடியாக வேண்டும்.

கோரை வண்டலைப் பிடித்து நீரோட்டத்தைக் குறுக்கும் என்பது உண்மைதான். மடை வாயிலும் குறுகிய கிளைக்கால்களிலும் அதை முழுவதும் எடுத்துத்தான் ஆக வேண்டும். கன்னடியன் கால்வாய் போன்ற அகன்ற கால்களில் நடுப்பகுதியைத் தூர்வாரினாலே போதும். ஓரத்தையும் எடுக்க வேண்டியிருந்தால், ஓர் ஆண்டு இடக்கரை, மறு ஆண்டு வலக்கரை என்று மாற்றி எடுத்தால் ஒரு கரையின் கோரை எப்போதும் நிற்கும், மண்ணையும் அதுவே பிடித்துக்கொள்ளும். கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன், கால்வாய் வற்றியிருக்கும் வாரங்களில்தான் தூர்வாரல் நடக்கிறது. மார்ச்சுக்குள் பாய்க்காரர்கள் அறுத்து முடிக்க விட்டுவிட்டால் இரு வேலையும் மோதாது.

தோண்டித்தான் தீர வேண்டிய இடத்தில் வேர்க்கட்டைக் கரைமேல் கொட்டிக் காயவிட வேண்டாம். இரண்டு மூன்று தண்டுகளோடு மட்டநிலத் தண்டைத் துண்டாக்கி, தண்டை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி, அருகிலுள்ள குளத்தின் ஓரச் சேற்றில் சாண் இடைவெளியில் ஊன்றலாம். வேர் பிடிக்கும்வரை நுனி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கக் கூடாது. மூழ்கினால் முழுவதும் அழுகும். ஆடு மாடு இறங்காமல் அந்த ஓரத்தில் முள் வைப்பது அவசியம், இளந்தளிரை விட்டுவைக்காது.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் குறியீடு பாய்க்குத்தான், கோரை முளைக்கும் கரைக்கு இல்லை. தூர்வாரும் ஒப்பந்தப் பத்திரத்தில் 'கோரை நிற்கும் ஓரம் தோண்டப்படக் கூடாது, நீருக்கு மேல் அறுக்கலாம்' என்று ஒரு வரி சேர்க்கும்படி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறோம். வேலை தொடங்குமுன் எந்தக் கரை, எத்தனை மீட்டர் என்று பாய் நெசவாளர்களோடு நடந்து பார்த்துக் கம்பு நட்டுக் குறித்துவிட்டால், இயந்திரம் ஓட்டுபவருக்கும் சந்தேகம் வராது.

இப்படிக்கு,
கோரைப் பாய்த் தொழில் சார்ந்த வாசகர்கள்,
திருநெல்வேலி மாவட்டம்