முதலில் தூணடியைப் பார்: தாஆல் ஊருக்குப் போயிருக்கும் மகளுக்கு

அன்புள்ள யாழினி,

பிலிப்பைன்ஸின் தாஆலில் பழுதுபார்க்க உனக்குக் கொடுத்திருக்கும் பழைய வீட்டின் படங்கள் வந்தன. எல்லாப் படமும் முகப்பைத்தான் காட்டுகின்றன. ஜன்னல் அழகு, மரச்சித்திர வேலை அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலையைத் தூணடியிலிருந்து தொடங்கு.

இந்த வகை வீட்டை அங்கே 'பாஹாய் நா பாதோ' என்பார்கள்; கல்வீடு என்று பொருள். அந்தப் பெயரை நம்பித்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மாடியையும் கூரையையும் தாங்குவது 'ஹலிகி' எனப்படும் மரத்தூண்கள். கீழ்த்தளக் கல்சுவர் அவற்றைச் சுற்றிப் போர்த்திய சட்டை. நிலநடுக்கம் ஓயாத நாட்டில் வீடு கட்டிப் பழகியவர்கள் கண்ட வழி இது: பூமி ஆடும்போது மரம் வளைந்து கொடுக்கும், கல் தன் போக்கில் ஆடும். கூரை ஓடுகள் போய்த் தகரம் பரவியதும் 1880 நிலநடுக்கத்துக்குப் பிறகுதான். தலையில் பாரம் குறைந்தால் தூணுக்கு நல்லது.

தூணுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் அதைச் சிமெண்டால் அடைக்க யாரையும் விடாதே. ஆட்டத்தில் இரண்டும் மோதிக்கொள்ளும். அதைவிட மோசம், தூணைச் சுற்றி ஈரம் வெளியேற வழியில்லாமல் நின்றுவிடும். மொலாவே, இபில் போன்ற வைரம் பாய்ந்த மரங்களும் தரையை ஒட்டிய முதல் இரண்டடியில்தான் உளுத்துப்போகும். (மொலாவே நம் நொச்சியின் இனம், மாடித் தளத்தில் கிடக்கும் நாரா நம் வேங்கைக்கு உறவு. குணம் புரிந்துகொள்ள உதவும்.)

சோதிக்கும் முறையைச் சொல்கிறேன். மரச்சுத்தியலால் தரையிலிருந்து மேல்நோக்கி ஒரு சாணுக்கு ஒரு தட்டு, நாலு பக்கமும். கணீரென்று கேட்டால் சரி. 'பொத்' என்று ஒலிக்கும் இடத்தில் குத்தூசியை அழுத்து; அரை அங்குலத்துக்கு மேல் தடையில்லாமல் இறங்கினால் உள்ளே மரம் உளுத்துவிட்டது என்று குறித்துக்கொள். சுவருக்குள் புதைந்த தூண்களுக்கு, அடியில் ஒரே ஒரு கல்லைப் பிரித்துப் பார்க்காமல் முடிவு எழுதாதே. கரையான் மண்குழாய் கண்டால் முழுக்கத் துடைக்காமல், ஒரு விரலகலம் மட்டும் உடைத்துவிட்டு மறுநாள் போய்ப் பார். மறுபடி பூசியிருந்தால் உயிரோடு இருக்கிறது.

அடி உளுத்த தூண் முழுத் தூணையும் மாற்றக் காரணமாகாது. நல்ல மரம் தெரியும்வரை வெட்டி, அதே சாதி மரத்தில், நன்றாகக் காய்ந்த கட்டையில் ஒட்டுப் போட வேண்டும். இரண்டு மரத்தையும் சாய்வாகச் சீவிப் பொருத்தும் அந்த ஒட்டின் நீளம் தூண் கனத்தின் மூன்று மடங்காவது இருக்கட்டும்: 30 செ.மீ. தூணுக்கு 90 செ.மீ. துருப்பிடிக்காத எஃகு போல்ட் போடு. ஜாக்கி வைத்துத் தூக்கும்போது ஒரு தடவைக்கு இரண்டு மில்லிமீட்டர், பிறகு ஒரு நாள் இடைவெளி. அவசரப்பட்டால் மேலே ஜன்னல் சட்டங்கள் கோணிக்கொண்டு நகராது, பூச்சு வெடிக்கும். அந்த வேலை நடக்கும்போது நீ அந்த உத்தரத்துக்குக் கீழே நிற்கக் கூடாது. இதை உன் அம்மாவாகச் சொல்கிறேன்.

இனிச் சுவர். அங்கே 'அடோபே' என்பது பச்சை மண்கல்லைக் குறிப்பதில்லை, எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்கல். நீரைக் குடித்து வெளியே விடும் கல் அது. மேலே சிமெண்டு பூசினால் ஈரம் பூச்சுக்குப் பின்னால் தங்கும், உப்பு படிகமாகும், கல்லின் முகம் மாவாக உதிரும். வெளியே பூச்சு உறுதியாகத் தெரியும்; தட்டினால் பொள்ளல். பழைய சிமெண்டைக் கையுளியால் மட்டும் எடுக்கச் சொல். கல்லையும் பிய்த்துக்கொண்டு வரும் இடத்தில் விட்டுவிடு, பிடிவாதம் வேண்டாம். உப்பு பூத்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, உலர்ந்த பிரஷ் போதும். கழுவினால் கரைந்து திரும்ப உள்ளேதான் போகும்.

சுண்ணாம்புச் சாந்து நீ அறிந்ததுதான். நீரில் சுண்ணாம்பைப் போடு, சுண்ணாம்பில் நீரை ஊற்றாதே, கண்ணாடி அணிந்துகொள். மூன்று மாதமாவது நீருக்கடியில் ஊறியது வேண்டும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு ஆற்று மணல். கடல் மணல் கூடவே கூடாது. ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மேல் போனால் வெடிக்கும். சுவரை நனைத்துப் பூசி, ஈரச் சாக்கு தொங்கவிடு. நகத்தால் கீறினால் பதியாத நிலை வந்த பிறகே அடுத்த பூச்சு. நம்மூர்க் கடுக்காய், கருப்பட்டிப் பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதே. பழைய பூச்சின் மாதிரியைச் சோதித்து, அதில் இருந்ததைச் சேர். புயல் மாதங்களுக்கு முன்பே வெளிப்பூச்சு முடிய வேண்டும்.

அப்புறம் அந்த ஜன்னல்கள். கண்ணாடிக்குப் பதிலாகப் பதித்த காபிஸ் என்னும் சிப்பித் துண்டு ஒவ்வொன்றும் மூன்று அங்குலத்துக்குள் அடங்கும் சதுரம், மெல்லிய மரச்சட்டக் கட்டங்களில் அமர்ந்திருக்கும். (திருகோணமலைத் தம்பலகாமத்தில் எடுத்ததும் இதே சிப்பிதான்.) அது சுண்ணாம்புப் பொருள், ஆகவே வினிகர், எலுமிச்சை, கறை நீக்கும் அமிலம் எதுவும் படக்கூடாது, பளபளப்பு அரித்துவிடும். வெதுவெதுப்பான நீரும் பருத்தித் துணியும் போதும். கதவுகள் ஓடும் பள்ளத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடு, எண்ணெய் வேண்டாம், தூசி பிடித்து அடைத்துக்கொள்ளும். ஜன்னல் சட்டத்துக்குக் கீழே உள்ள வெந்தனில்யா என்னும் சிறு காற்றுத் திறப்புகளையும் அறைச் சுவர்களின் மேலே உள்ள காலாதோ என்னும் துளையிட்ட மரவேலையையும் குளிர்சாதனத்துக்காக அடைக்கச் சொல்வார்கள். அடைத்தால் வீட்டின் மூச்சு நின்றுவிடும், சில ஆண்டுகளில் மரத்தில் பூஞ்சை ஏறும்.

எரிமலை பக்கத்திலேயே இருக்கிறது. 2020 ஜனவரி 12 அன்று அது வெடித்தது உனக்கும் நினைவிருக்கும். சாம்பல் விழுந்தால் நனையும் முன்பே தகரத்திலிருந்து மென்மையாகப் பெருக்கி எடுக்க வேண்டும். நனைந்தால் பாரம் கூடும், தகரத்தை அரிக்கும், கூரையோர நீர்த்தாரைகளை அடைக்கும். தாரை அடைத்தால் நீர் எங்கே இறங்கும்? சுவர் வழியாகத் தூணடிக்கே. சகுவான் என்னும் கீழ்த்தள நுழைவுக்கூடத்தின் தரையையும் பார். வெளியே சாலையைத் திரும்பத் திரும்பத் தார் போட்டு உயர்த்தியிருந்தால் மழைநீர் உள்ளே வரும்; தூணடி உளுத்ததன் காரணம் அங்கேயே கிடைக்கலாம்.

ஒரு கல்லைப் பிரிக்கும் முன்பும் 2009-ஆம் ஆண்டுப் பாரம்பரியச் சட்டத்தையும் 2023 திருத்தத்தையும் படித்து, அனுமதியைக் கையில் வைத்துக்கொள்.

அடுத்த முறை முகப்புப் படம் வேண்டாம், கண்ணு. ஒவ்வொரு ஹலிகிக்கும் எண் போட்டு, அடியில் அளவுகோலை வைத்து, நாலு பக்கமும் எடுத்து அனுப்பு. சாப்பிட்டாயா என்பதையும் அதோடு எழுது.

அன்புடன்,
அம்மா