‘போர்மட்’ செய்ய முன்னர் ஒரு கோப்புறையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை நகரிலும் மூதூர், குச்சவெளிப் பக்கங்களிலும் இலவச மென்பொருளான லிப்ரே ஒபிஸை நம்பிக் கடிதமும் கணக்கும் எழுதும் சிறு அலுவலகங்கள் உண்டு. புதிய பதிப்பை ஏற்றியதும் அது திறக்காவிட்டால், ‘போர்மட் பண்ண வேணும்’, அதாவது கணினியை முழுதாக அழித்து மறுபடி ஏற்ற வேணும், என்று சொல்லிவிடுகிறார்கள். டெஸ்க்டொப்பில் கிடந்த கோப்புகளும் அத்தோடு போய்விடுகின்றன. வீண் இழப்பு இது.

மென்பொருளை அகற்றி மறுபடி நிறுவினாலும் பெரும்பாலும் பயனில்லை. பழுது இருப்பது பாவனையாளரின் அமைப்புகள் சேமிக்கப்படும் ‘யூசர்’ என்ற கோப்புறையில். அகற்றும்போது அது அழிவதில்லை. புதிய பதிப்பும் அதே பழுதைத்தான் வாசிக்கிறது. வேலை நடுவே மின்சாரம் நின்றாலே அது கெட்டுவிடக்கூடும்.

முதலில் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மனேஜரில் லிப்ரே ஒபிஸின் ‘எஸ்ஒபிஸ்.பின்’ ஓடுகிறதா பாருங்கள். அது உறைந்து நின்றால், எத்தனை முறை கிளிக் செய்தாலும் கட்டளை அதனிடமே போய்ச் சேரும். திரையில் ஒன்றும் வராது. அதை நிறுத்துங்கள். அடுத்து, உங்கள் அமைப்புகளை விட்டுவிட்டுத் திறக்கும் ‘சேஃப் மோட்’ வழியாக ஸ்டார்ட் மெனுவிலிருந்து திறவுங்கள். அதில் திறந்தால் மென்பொருள் நலம், கோளாறு அமைப்புகளில்தான். அங்கேயே நீட்சிகளையும் (பிறகு சேர்த்த கூடுதல் வசதிகள்) ஹார்ட்வெயார் அக்ஸலரேஷனையும் (திரை வேலையை கிராபிக்ஸ் பகுதியிடம் கொடுக்கும் வசதி) நிறுத்திப் பார்க்கலாம்.

அதற்கும் சரிவராவிட்டால் விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்தி, இரு சதவீதக் குறிகளுக்கு இடையில் ‘ஆப்டேட்டா’ என ஆங்கிலத்தில் தட்டுங்கள். திறக்கும் கோப்புறையில் லிப்ரே ஒபிஸ், அதனுள் 4, அதனுள் யூசர் என்று செல்லுங்கள். பதிப்பு 25 ஆனாலும் இந்த 4 மாறாது. பழையதென்று எண்ணி அழித்துவிடாதீர்கள். யூசரின் பெயரை ‘யூசர்-பழையது’ என மாற்றித் திறந்தால் புதிய கோப்புறை தானாக உருவாகும். பிறகு மென்பொருளை மூடிவிட்டு, பழையதிலிருந்து வேர்ட்புக், டெம்ப்ளேட், ஓட்டோடெக்ஸ்ட் ஆகிய மூன்று கோப்புறைகளையும் புதிய யூசருக்குள் பிரதி எடுங்கள். தம்பலகாமம், கட்டைபறிச்சான் என்று நீங்கள் அகராதியில் சேர்த்த பெயர்கள் வேர்ட்புக்கில்தான் இருக்கின்றன. அமைப்புகள் பதிவாகும் ‘ரெஜிஸ்ட்ரிமொடிபிகேஷன்ஸ்’ என்ற கோப்பை மட்டும் கொண்டுவராதீர்கள். பழுதும் கூடவே வந்துவிடும்.

சேஃப் மோடிலும் திறக்காவிட்டால் விண்டோஸ் பதிப்பைப் பாருங்கள். 2025 ஓகஸ்டில் வந்த 25.8 பதிப்பிலிருந்து விண்டோஸ் 7, 8 இரண்டுக்கும் ஆதரவு இல்லை. பாடசாலைகளின் பழைய கணினிகளுக்கு 25.2 வரைதான்.

மைக்ரோசொப்ட் வேர்டையும் முதலில் சேஃப் மோடில்தான் சோதிக்க வேண்டும்: கொன்ட்ரோல் விசையை அழுத்தியபடி திறவுங்கள். பிறகு கொன்ட்ரோல் பெனலில் ‘குயிக் ரிப்பெயார்’. இதற்கு இணையம் வேண்டாம்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புதிய யூசர் கோப்புறையில், வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வசதி மீண்டும் இயங்கத் தொடங்கும். பாமினியில் சிறிய எஃப் ‘க’, பெரிய எஃப் ‘கு’. வாக்கியத் தொடக்கத்தில் ‘கடை’ என்று அடித்தால் ‘குடை’ என்று நிற்கும்! எழுத்துரு பழுதென்று நினைத்து அதையும் மாற்றிவிடாதீர்கள். டூல்ஸ் மெனுவில் ஓட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸைத் திறந்து அந்தச் சரிக்குறியை எடுத்துவிட்டால் போதும்.

கணினித் திருத்துநர்கள்,
உவர்மலை, திருகோணமலை.