போட்டோவுக்காகத் தூக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடையில் பிள்ளைகளைப் பார்க்க சியாட்டல் வரும் பெற்றோருக்காகப் போன ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். சியாட்டலை ஒட்டிய கடல் நுழைவான பியூஜெட் சவுண்ட் கரையில் நின்று சால்மன் பிடிப்பதைப் பற்றி நம் பத்திரிகையில் வந்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் கூடவே வந்த படத்தைப் பார்த்ததும் மனசு கனத்துவிட்டது. காய்ந்த கூழாங்கற்களின் மேல் ஓர் இளைஞர் நிற்கிறார். மீனின் செவுளுக்குள் விரலை விட்டு, அதை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருக்கிறார். மீனின் தாடைக்கு அடியில் ஆரஞ்சு நிறக் கீற்று பளிச்சென்று தெரிகிறது. கட்டுரை அதைச் சால்மன் என்கிறது. அது சால்மனுக்கு உறவான வேறொரு மீன், கட்த்ரோட் ட்ரவுட். இங்கே கடலில் அது மாட்டினால் கட்டாயம் திரும்ப விட்டுவிட வேண்டும். படத்தில் இருப்பதுபோல் பிடித்த பிறகு விட்டால், அது பிழைப்பது சந்தேகம்தான்.

நானும் ஒரு காலத்தில் அதையேதான் செய்தேன். 12 வருடங்களுக்கு முன், ஒரு ஜூலை மாத விடியற்காலையில், பியூஜெட் சவுண்டின் கிளையான ஹூட் கெனால் கரையில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். நீர் ஏறும் நேரம். தூண்டிலைச் சுற்றி இழுத்து முடிக்கப்போகும்போது, காலுக்கு மூன்று அடி தள்ளி ஒரு மீன் வந்து கவ்வியது. முதுகெல்லாம் கரும்புள்ளி, வயிறு வெள்ளிபோல. அப்போது என் மகளுக்கு ஒன்பது வயது. அவள் படம் எடுக்கட்டும் என்று மீனைக் கரைக்குக் கொண்டுபோய்க் கல்மேல் கிடத்தினேன். அது துள்ளத் துள்ள, காய்ந்த கையால் அழுத்திப் பிடித்தேன். போன் திறக்கவில்லை, அப்புறம் வெளிச்சம் சரியில்லை, அப்புறம் இன்னொரு படம். தண்ணீரில் விட்டபோது அது நிமிர்ந்து நிற்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, சின்ன அலை வரும்போதெல்லாம் கரைக்கே திரும்பி வந்தது. நேராக நிறுத்திப் பிடித்தேன், தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தேன். அரை மணி நேரம் கழித்து வாய் அசைவதும் நின்றுவிட்டது. என் உள்ளங்கையில் அதன் செதில்கள் ஜிகினாபோல் ஒட்டியிருந்தன. என் மகள் எதுவும் கேட்கவில்லை.

அந்தச் செதில் எளிதில் கழன்றுவிடும். அதன்மேல் இருக்கும் வழுவழுப்பான படலம்தான் மீனுக்குத் தோல் காப்பு. காய்ந்த கை, சூடான கல், முடிச்சு வலை எல்லாம் அதை வழித்தெடுத்துவிடும். இதில் கட்த்ரோட்டுக்கு இன்னொரு விஷயம் உண்டு. பசிபிக் சால்மன் ஒரு முறை முட்டையிட்டதும் இறந்துவிடும். கட்த்ரோட் அப்படி இறப்பதில்லை. ஓடைக்குப் போய் முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பும், அடுத்த வருடமும் போகும். ஆழமான நடுக்கடலுக்குப் பெரும்பாலும் போகாமல், பொடிமீனும் இறாலும் தின்றுகொண்டு கரையோரமாகவே சுற்றும். தாண்டிக் குதித்துவிடக்கூடிய சின்ன ஓடைகள்கூட அதற்குச் சொந்த ஊர். அப்படி ஓர் ஓடையின் மீன்களில் ஒரு பெரிய பெண் மீன் செத்தால், அது இனி இட வேண்டிய முட்டைகளும் அதோடு போகின்றன.

இப்போது நான் செய்வது இதுதான். தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளை வீட்டிலேயே குறடால் அழுத்தித் தட்டையாக்கிவிடுவேன். மீன் அருகில் வந்ததும் முதலில் கையை நனைத்துக்கொள்வேன். மீன் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். தூண்டில் நரம்பை இடது கையால் பிடித்து, குறடை முள் வரைக்கும் நழுவவிட்டு, ஒரு திருப்புத் திருப்பினால் கழன்றுவிடும். பல சமயம் மீனைத் தொடவே வேண்டியிருக்காது.

சால்மன் விஷயத்திலும் கட்டுரை அவசரப்பட்டுவிட்டது. "அனுமதிச் சீட்டு வாங்கினால் போதும்" என்பது சரியில்லை. 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குச் சீட்டு வேண்டும், சில நாட்களுக்கு மட்டுமான சீட்டும் கிடைக்கிறது, அதெல்லாம் உண்மைதான். ஆனால் எந்தக் கரையில், எந்த வகையை, எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பது அந்தக் கடற்பகுதிக்கு மீன்வளத் துறை கொடுத்திருக்கும் எண்ணைப் பொறுத்து மாறும். பருவத்தின் நடுவிலேயே திடீரென்று மூடுவதும் உண்டு. கிளம்பும் அன்று காலையில் வாஷிங்டன் மாநில மீன்வளத் துறையின் இணையதளத்தைப் பார்த்துவிடுவது நல்லது. வைத்துக்கொள்ளும் சால்மனை உடனே, அங்கேயே, பதிவு அட்டையில் எழுத வேண்டும்.

அடையாளமும் தெரிய வேண்டும். முதுகில் வாலுக்குச் சற்று முன்னால் எலும்பே இல்லாத சின்னச் சதைத் துடுப்பு ஒன்று இருக்கும். பண்ணையில் வளர்த்த குஞ்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு அதை வெட்டிவிட்டுத்தான் ஆற்றில் விடுகிறார்கள். துடுப்பு முழுசாக இருந்தால் அது இயற்கையில் பிறந்த காட்டு மீன் என்று கருதி, விதியைப் பார்க்காமல் கை வைக்கக்கூடாது. பற்களைச் சுற்றியுள்ள ஈறு கறுப்பாக இருந்தால் சினூக் என்ற சால்மன் வகை, வெளுப்பாக இருந்தால் கோஹோ என்ற வகை. பியூஜெட் சவுண்டின் சினூக் 1999 முதல் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஒற்றைப்படை ஆண்டுகளில் ஆகஸ்ட் மாதம் பிங்க் சால்மன் கூட்டம் கூட்டமாக வரும். முதல் தடவை தூண்டில் பிடிப்பவர்களை நான் அந்தச் சமயத்தில்தான் வரச் சொல்வேன்.

"டயர் ரசாயனமும் கரையோரச் சுவர்களும் மீனைக் கொல்கின்றன, நீ ஒருவன் கையை நனைத்து என்ன ஆகப்போகிறது" என்று நண்பர் ஒருவர் கேட்டார். மழைநீரோடு ஓடையில் கலக்கும் டயர் ரசாயனம் கோஹோவைக் கொல்கிறது என்று விஞ்ஞானிகள் 2020இல் கண்டுபிடித்தது உண்மை. கரையில் சுவர் கட்டியதால் பொடிமீன்கள் முட்டையிடும் சரளை மணல் குறைந்ததும் உண்மை. இத்தனை இடி வாங்கியும் ஒரு மீன் தப்பி வந்திருக்கிறதே, அதை நான் ஒரு படத்துக்காகக் கொல்லலாமா என்பதுதான் என் கேள்வி.

அடுத்த இணைப்பில் ஒரு திருத்தம் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் படத்துக்குப் பதிலாக வைத்துக்கொள்ள என் மகள் எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருக்கிறேன். மீன் முழுக்கத் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. புள்ளி போட்ட முதுகும், என் நனைந்த மணிக்கட்டும், வால் அடித்த இடத்தில் எழும்பிய கலங்கலும் தெரியும்.

இப்படிக்கு,
பியூஜெட் சவுண்ட் கரையிலிருந்து ஒரு வாசகர்